இரைப்பை எரிச்சலுக்குக் கைவைத்தியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்வயிறு எரிகிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும், ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். பாட்டி மணத்தக்காளி என்பார், பக்கத்து வீட்டில் கற்றாழை என்பார்கள், மைத்துனர் வாட்ஸ்அப்பில் வந்த பொடியை அனுப்பி வைப்பார். இதில் எது எந்தத் தொந்தரவுக்குப் பொருந்தும், எது சும்மா இருக்கும் வயிற்றையும் கெடுக்கும், எப்போது அடுப்படியை விட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதைத்தான் இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

வயிறு எரிந்தாலே அல்சர்தானா?

நம் ஊரில் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் 'அல்சர்' என்ற ஒரே பெயருக்குள் நாலைந்து தொந்தரவுகளை அடைத்து வைத்திருக்கிறோம். இரைப்பையின் உட்சுவரில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் மேல் வழுவழுப்பான சளிப்படலம் போர்த்தியிருப்பதால்தான் நம் வயிற்று அமிலம் நம்மையே அரிக்காமல் இருக்கிறது. அந்தக் காப்பு குறைந்து சவ்வு சிவந்து வீங்குவது இரைப்பை அழற்சி. சவ்வு அரிக்கப்பட்டுக் குழி விழுந்தால் அது புண், அதாவது அல்சர். அமிலம் மேலே ஏறி நெஞ்சுக்குழியில் எரிந்தால் அது எதுக்களிப்பு. இவை எதுவும் இல்லாமல், எண்டோஸ்கோப்பியில் (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையில்) வயிறு சுத்தமாகத் தெரிந்தும், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு கனத்து எரிகிற கூட்டமும் பெரியது. அதை டாக்டர்கள் செயல்பாட்டு அஜீரணம் என்பார்கள்.

சித்த மருத்துவமும் இதைப் பொத்தாம்பொதுவாக விட்டுவிடவில்லை. குன்மம் என்று பெயரிட்டு எட்டு வகையாகப் பிரித்திருக்கிறது. ஒருவருக்குக் கேட்ட மருந்து இன்னொருவருக்கு ஏன் கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் இருவருக்கும் இருந்தது வேறு வேறு நோய்.

காரம் சாப்பிடுவதால்தானே வருகிறது?

மிளகாய் ரொம்ப நாளாகச் சுமந்துகொண்டிருக்கும் பழி இது. ஏற்கெனவே புண்ணாக இருக்கும் வயிற்றில் காரம் பட்டால் எரியும், அது உண்மை. ஆனால் புண்ணை உண்டாக்குவதில் முதல் இடம் இரண்டு ஆசாமிகளுக்கு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றில் இது குடியிருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லோருக்கும் தொந்தரவு தருவதில்லை, சிலருக்குத் தருகிறது. இரண்டாவது, வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை வலியைத் தூண்டும் பொருளைக் குறைக்கும்போது, இரைப்பையின் சளிப்படலத்தைக் காக்கும் பொருளையும் சேர்த்தே குறைத்துவிடுகின்றன. அதனால்தான் ஊசியாகப் போட்டாலும்கூட வயிற்றைப் பாதிக்கிறது.

மது, புகை ஆகியவையும் பட்டியலில் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பையைத் தாக்கும் வகை ஒன்று இருக்கிறது. அதில் வைட்டமின் பி12 உடலில் சேராமல் ரத்தசோகை வரும்.

அந்தப் பாக்டீரியாவை மூலிகையால் ஒழிக்க முடியாதா?

முடியும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். மஞ்சள், பூண்டு, அதிமதுரம் எல்லாம் ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் அதைக் கொன்றிருக்கின்றன. ஆனால் வயிற்றில் அது சளிப்படலத்துக்கு அடியில் பதுங்கிக்கொண்டு, தன்னைச் சுற்றி அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு வாழ்கிறது. அங்கே போய் அதை ஒழிக்கப் பொதுவாக 14 நாட்களுக்கு மூன்று நான்கு மருந்துகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இது புண்ணுக்குக் காரணம் என்பதை உலகம் நம்பியதே தாமதமாகத்தான். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மருத்துவர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தனக்கே இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்க எல்லோருக்கும் குழாய் விட வேண்டியதில்லை. மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை என்று எளிய வழிகள் இருக்கின்றன. பான்டாப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம்.

மணத்தக்காளிக்கு உண்மையிலேயே குணம் இருக்கிறதா?

என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் முதல் மரியாதை இதற்குத்தான். கொங்குப் பக்கம் சுக்குட்டிக் கீரை, தெற்கே மிளகுதக்காளி என்பார்கள். எலிகளில் நடந்த ஆய்வுகளில் இதன் சாறு அமிலச் சுரப்பைக் குறைத்து, புண் ஆறுவதை வேகப்படுத்தியிருக்கிறது. எலிக்கு ஆறியது மனிதருக்கும் அப்படியே ஆறும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் வேறு. இது மருந்து இல்லை, சோற்றோடு பிசைந்து சாப்பிடும் கீரை. அளவு கூடிவிடுமோ என்ற பயம் இல்லை, விலையும் ஒரு கட்டுக் கீரை விலைதான்.

செய்முறையில்தான் விஷயம் இருக்கிறது. பாசிப்பருப்பைக் குழைய வேகவிட்டு, ஆய்ந்து கழுவிய கீரையைப் போட்டு மூடாமல் வேகவையுங்கள். சீரகமும் தேங்காயும் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கி, கெட்டியான முதல் தேங்காய்ப்பாலை மேலே விட்டுக் கலக்குங்கள். பால் விட்ட பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். மிளகாய் கிள்ளிப்போடும் கையை மட்டும் கட்டிப்போட்டு விடுங்கள். லேசான கசப்பு இருக்கும், அது தேங்காய்ப்பாலில் அடங்கிவிடும். வாரத்துக்கு மூன்று நான்கு நாள் மதியச் சோற்றில் இது இருந்தால் போதும். வெறும் வயிற்றில் பச்சை இலையை மென்றுதான் ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. செடியில் இருக்கும் பச்சைக் காயைப் பறித்து அப்படியே தின்னக் கூடாது, அதில் சொலனைன் என்ற நச்சு உண்டு. நன்றாகப் பழுத்த பழம் சாப்பிடலாம். இன்னொன்று, மணத்தக்காளி வற்றல் போட்ட வத்தக்குழம்பை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். புளியும் காரமும் எண்ணெயுமாக மணக்கும் அந்தக் குழம்பு நாக்குக்கு நல்லது. எரிகிற வயிற்றுக்கு அல்ல.

அதிமதுரம் தினமும் சாப்பிடலாமா?

இது வேலை செய்யும் மருந்து. அதனாலேயே கவனம் வேண்டிய மருந்து. நாட்டு மருந்துக் கடையில் மஞ்சள் நாரோடு குச்சி குச்சியாக இருக்கும், ஒரு துண்டை வாயில் போட்டு மென்றால் தித்திப்பு தொண்டை வரை இறங்கும். அந்தத் தித்திப்புக்குக் காரணம் கிளைசிரைசின். 1960களில் பிரிட்டனில் இதிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு கார்பெனாக்சலோன் என்ற அல்சர் மாத்திரையே செய்து விற்றார்கள். புண்ணும் ஆறியது. கூடவே காலில் நீர் கோத்தது, ரத்த அழுத்தம் ஏறியது, ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது. புதிய மருந்துகள் வந்ததும் அதை ஓரங்கட்டிவிட்டார்கள்.

நம் டப்பாவில் இருக்கும் பொடியும் அதே வேலையைச் செய்யக்கூடியதுதான். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லியிருக்கிறார்கள். வேரின் தரத்தைப் பொறுத்து ஒரு டீஸ்பூன் பொடியிலேயே அது தாண்டிவிடலாம். ஆகவே அரை டீஸ்பூன், அதுவும் ஒரு வாரம், கூடிப்போனால் பத்து நாள், அப்புறம் நிறுத்திவிடுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மாத்திரையோ சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். கிளைசிரைசின் நீக்கிய அதிமதுர மாத்திரை கிடைக்கிறது. விலை அதிகம் என்றாலும் அதில் இந்தத் தொல்லை குறைவு.

மஞ்சள்?

2023இல் தாய்லாந்து மருத்துவர்கள் ஒரு நல்ல ஆய்வை வெளியிட்டார்கள். செயல்பாட்டு அஜீரணம் உள்ள 206 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மஞ்சளில் உள்ள குர்குமின், ஒரு பிரிவுக்கு ஒமிப்ரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரை, இன்னொன்றுக்கு இரண்டும் என்று 28 நாள் கொடுத்தார்கள். மூன்று பிரிவிலும் தொந்தரவு ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. உடனே 'மஞ்சள் ஒமிப்ரசோலுக்குச் சமம்' என்று செய்திகள் பறந்தன.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். அவர்களுக்குக் கொடுத்தது நாளைக்கு 2 கிராம் குர்குமின். நம் மஞ்சள் தூளில் குர்குமின் இருப்பது நூற்றுக்கு 3 பங்கு அளவில்தான். அதாவது அந்த அளவு கிடைக்க நாளொன்றுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் தின்ன வேண்டும். ராத்திரி பாலில் போடும் ஒரு சிட்டிகை இதமாக இருக்கலாம், அந்த ஆய்வின் பலனை அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது. சரி, மாத்திரையாக வாங்கிவிடலாமே என்றால், மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் வீங்கிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கும் ஆகாது. சமையலில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் எதுவும் வேண்டாம்.

வெந்தயம், கற்றாழை: இரண்டும் 'குளிர்ச்சி' என்கிறார்களே?

இரண்டுமே வழவழப்பால் வேலை செய்பவை. ஒரு டீஸ்பூன் வெந்தயத்தை இரவு ஊறப்போட்டுக் காலையில் தண்ணீரோடு விழுங்கினால், அந்தப் பிசின் இரைப்பைச் சுவரில் கொஞ்ச நேரம் பூச்சாக நிற்கும், எரிச்சல் தணியும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும், வெந்தயமும் சர்க்கரையைக் குறைக்கும். எந்த மாத்திரையோடும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிசின் மாத்திரையை ரத்தத்தில் சேரவிடாது.

கற்றாழையில் மடலை வெட்டியதும் வழியும் மஞ்சள் பாலில்தான் வம்பு. அது கடுமையான பேதி மருந்து. மடலை வெட்டிச் சாய்த்து வைத்து அந்தப் பாலை முழுதாக வடியவிட்டு, தோல் சீவி, உள்ளிருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் கழுவச் சொன்னது காரணத்தோடுதான். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் மணத்தக்காளியோடு நின்றுகொள்ளலாம்.

சீரகம், ஓமம், இஞ்சி, புதினா?

இங்கேதான் நிறையப் பேர் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். இவை வாயு, மந்தம், குமட்டல் ஆகியவற்றுக்கான சரக்குகள். எரிச்சலுக்கு என்றால் சீரகத் தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடிக்கலாம். ஓமம் காரச் சரக்கு, உப்புசத்துக்குக் கேட்கும், சவ்வு சிவந்திருக்கும்போது இன்னும் எரியும். இஞ்சி குமட்டலுக்கு அருமையானது, ஆனால் அதிகமானால் நெஞ்செரிச்சல் தரும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அளவோடுதான். புதினா உணவுக்குழாயின் கீழ்க் கதவைத் தளர்த்திவிடும், எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு நேர் எதிரான வேலை அது.

எலுமிச்சையும் தேனும், ஆப்பிள் சிடர் வினிகர் இரண்டையும் வெறும் வயிற்றில் ஊற்றுவதை யார் கண்டுபிடித்தார்களோ. அழற்சி உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

முட்டைக்கோஸ் சாறு?

1949இல் அமெரிக்காவில் கார்னெட் செனி என்ற மருத்துவர், பச்சை முட்டைக்கோஸ் சாறு குடித்தவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறியதாக எழுதினார். இன்று வரை சுற்றிவரும் பேச்சு அதிலிருந்து வந்தது. அவர் கொடுத்தது நாளைக்கு ஒரு லிட்டர் அளவு. உப்புசம் உள்ளவர்கள் அதைக் குடித்தால் வீட்டில் இருப்பவர்கள்தான் பாவம். பொரியலாகச் சாப்பிடுங்கள்.

பால் குடித்தால் உடனே தணிகிறதே, அதுவே போதாதா?

முதல் அரை மணி நேரம் தணியும். பிறகு பாலில் உள்ள புரதமும் கால்சியமும் அமிலத்தை மறுபடி சுரக்கவைக்கும். ராத்திரி எரிச்சலுக்குப் பால் குடித்துப் படுத்து, இரண்டு மணிக்கு எரிச்சலோடு எழுந்திருப்பவர்களுக்கு இது தெரியும். புளிக்காத, நீர்த்த மோர் பரவாயில்லை.

பழைய சோறு பற்றியும் கேட்கிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி செய்தது குடல் அழற்சி நோய்க்காக. இரைப்பைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பசியோடு காபியை ஊற்றிக்கொண்டு பதினோரு மணி வரை இருப்பதைவிட, காலையில் ஒரு கிண்ணம் பழையது எவ்வளவோ மேல். கூடவே வைத்துக்கொள்ளும் ஊறுகாயைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள், சின்ன வெங்காயமும் எரிந்தால் அதையும்.

சித்த மருந்துகள் வாங்கிச் சாப்பிடலாமா?

முறையாகப் படித்த சித்த மருத்துவர் கொடுத்தால் சாப்பிடலாம். இந்தத் தொந்தரவுக்கு ஏலாதி சூரணம், சங்கு பற்பம், பலகரை பற்பம் போன்றவற்றை எழுதுவார்கள். சங்கும் பலகரையும், அதாவது சோழியும், பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. மெடிக்கலில் மென்று தின்னக் கிடைக்கும் சில அமில முறிப்பு மாத்திரைகளில் இருப்பதும் சுண்ணாம்புச் சத்துதான். அமிலத்தோடு சேர்ந்து அதை அடக்கிவிடும். எந்த அனுபானத்தில் (மருந்தைக் குழைத்துச் சாப்பிடும் தேன், நெய் போன்றது), எத்தனை அரிசி எடை என்பதெல்லாம் ஆளைப் பார்த்துச் சொல்வது, யூடியூப்பைப் பார்த்து முடிவு செய்வது அல்ல. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் அரசு சித்த மருத்துவமனைகள் இருக்கின்றன. பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவும் உண்டு.

பெயரில்லாத பொட்டலமாக வரும் 'அல்சர் பொடி'தான் எனக்குப் பிடிக்காதது. உரிம எண், தயாரித்த தேதி, உள்ளே இருக்கும் சரக்குகளின் பட்டியல் எதுவும் இல்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. அரை மணியில் வலி பறந்தது என்றால் சந்தோஷப்படாதீர்கள். அவ்வளவு வேகம் என்றால் உள்ளே ஆங்கில மருந்து ஏதாவது கலந்திருக்கலாம்.

ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறலாமா?

திடீரென்று வேண்டாம். பான்டாப்ரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால், அடக்கி வைத்த அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். 'மூலிகை கேட்கவில்லை' என்று அதன் மேல் பழி விழும். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு, அந்த நாட்களில் மணத்தக்காளி, வெந்தயம் போன்றவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம், இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்து ஞாபகம் வந்து விழுங்குவதால் பாதிப் பலன் போய்விடுகிறது.

மூட்டுவலிக்கு மாத்திரை நிறுத்த முடியாது. கூடவே மூலிகை சாப்பிட்டால் வயிறு தப்புமா?

அதை நம்பி இறங்க வேண்டாம். வலி மாத்திரையால் வரும் புண் பல நேரம் வலிக்காமலே ரத்தம் கசியும், வலியைத்தான் மாத்திரை அமுக்கி வைத்திருக்கிறதே. அறுபது தாண்டியவர்கள், ஆஸ்பிரினும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள், முன்பு புண் வந்தவர்கள் ஆகியோருக்கு வயிற்றைக் காக்க மாத்திரையைச் சேர்த்து எழுதுவதுதான் முறை. மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை நிறுத்தினாலே பலருக்கு எரிச்சல் போய்விடும். இதயத்துக்காக டாக்டர் எழுதிய ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எத்தனை நாள் கைவைத்தியம் பார்க்கலாம்?

இரண்டு வாரம். அதற்குள் அடங்காவிட்டாலும், அடங்கி அடங்கித் திரும்ப வந்தாலும் பரிசோதனைக்குப் போங்கள்.

சிலருக்கு அந்த இரண்டு வாரமும் கிடையாது. மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுவென்று போனால் (இரும்புச் சத்து மாத்திரையாலும் கறுக்கும், அது வேறு), வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற துகளோ வந்தால், விழுங்கும்போது அடைத்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை இருந்தால், ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக இந்தத் தொந்தரவு தொடங்கினால், உடனே மருத்துவமனைதான்.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டி, தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ வலி பரவினால் அது கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், 108ஐ அழையுங்கள். மாரடைப்பு மேல்வயிற்று எரிச்சலாகவே வருவதும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமலும் வரும்.

கர்ப்பிணிகள், குழந்தைகள்?

கர்ப்பகாலத்தில் சமையலில் சேரும் கீரை, சீரகம், மோர் போதும். அதிமதுரம், கற்றாழை, மாத்திரை வடிவ மூலிகைகள் கூடாது. குழந்தைக்கு அடிக்கடி வயிறு வலித்தால் கஷாயம் காய்ச்ச வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

அகத்திக்கீரை வயிற்றுப் புண்ணுக்கு நல்லதாமே? ஆனால் மருந்தை முறிக்கும் என்றும் சொல்கிறார்களே?

இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். அகத்தி வாய்ப்புண், வயிற்றுப் புண் இரண்டுக்கும் வழக்கத்தில் உள்ள கீரை. மாதத்துக்கு இரண்டு முறை சாப்பிடுவதில் தப்பில்லை. மருந்து சாப்பிடும்போது விலக்கச் சொல்வது சித்த மருத்துவப் பத்தியம். ஆங்கில மருந்துக்கும் ஓரளவு பொருந்துகிற பத்தியம்தான் இது. கீரைகளிலேயே சுண்ணாம்புச் சத்து மிக அதிகம் உள்ளவற்றில் அகத்தி ஒன்று. பைலோரிக் கிருமிக்குக் கொடுக்கும் மருந்துகளில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால், சுண்ணாம்புச் சத்து அதைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதே கதை. ஆகவே அந்த 14 நாள் கோர்ஸ் ஓடும்போது அகத்தியை விட்டுவிடுங்கள், பாலையும் மாத்திரை நேரத்தில் தள்ளி வையுங்கள். கோர்ஸ் முடிந்து நாலு வாரம் கழித்து மறுபடி மூச்சுப் பரிசோதனை செய்து, கிருமி போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.